300 ஆட்டுக்கு ஊசி போட்டேன், மருந்து மிச்சம்: பேட்டரி ஊசித் துப்பாக்கியில் என்ன கோளாறு?

பட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். செம்மறியும் வெள்ளாடுமாகச் சேர்த்து என்னிடம் 300 உருப்படி இருக்கிறது. இத்தனை வருடமும் கையால் அழுத்துகிற ஆட்டோமேட்டிக் சிரிஞ்சில்தான் தடுப்பூசி போட்டேன். 150 ஆடு தாண்டுவதற்குள் கட்டைவிரல் அடியில் தொடங்குகிற வலி முழங்கை வரை ஏறிவிடும், மறுநாள் காலையில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால்கூட கை நடுங்கும். அதனால்தான் இந்தத் தடவை பேட்டரியில் ஓடும் ஊசித் துப்பாக்கி வாங்கினேன். துளையிடும் மெஷின் மாதிரி கைப்பிடி, அதற்குள் பேட்டரி, பின்பக்கத்திலிருந்து ஒரு டியூப் மருந்து பாட்டிலுக்குப் போகிறது. ட்ரிகரைத் தொட்டால் மோட்டார் பிஸ்டனைத் தள்ளும், அடுத்த நொடியே அடுத்த டோஸைத் தானாக இழுத்து வைத்துக்கொள்ளும், எத்தனை தடவை போட்டோம் என்று சின்னத் திரையில் எண் ஓடும். வலி விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 300 ஆடும் முடிந்த பிறகு கை சாதாரணமாக இருந்தது.

பிரச்சினை மருந்துக் கணக்கில்தான். போட்டது துள்ளுமாரி (குடலில் நச்சு உண்டாகி ஆட்டைக் கொல்லும் நோய்) தடுப்பூசி, ஆட்டுக்கு 2 மில்லி, தோலுக்கு அடியில். 100 மில்லி பாட்டில் 7 எடுத்து வைத்திருந்தேன். முடிக்கும்போது திரையில் 318 என்று இருந்தது. ஆடு துள்ளி ஊசி வெளியே வந்து காற்றில் அடித்தது, ஆரம்பத்தில் டியூபை நிரப்ப அடித்தது எல்லாம் சேர்த்து 18 போகட்டும், அது சரிதான். அப்படியானால் 636 மில்லி செலவாகியிருக்க வேண்டும், 64 மில்லி மிஞ்ச வேண்டும். ஆனால் ஒரு பாட்டில் உடைக்காமலே இருக்கிறது, ஆறாவது பாட்டிலில் 80 மில்லி இருக்கிறது. அதாவது 520 மில்லிதான் போயிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு டோஸ் 1.6 மில்லிதான் வருகிறது.

விற்றவரைக் கேட்டால் "சார்ஜ் சரியாக ஏற்றிப் போடுங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டார். மெஷினில் கோளாறா, நான் பிடித்த விதத்தில் தப்பா? அதைவிட முக்கியமாக, இந்த 300 ஆட்டுக்கும் மறுபடி போட வேண்டுமா? குட்டி போடும் நிலையில் நாற்பது ஆடு இருக்கிறது, அதுதான் மனதை அரிக்கிறது.

கிடைமூப்பன்:

தம்பி, முதலில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள், மிஞ்சிய மருந்தை அளந்து பார்த்திருக்கிறீர்கள். எத்தனையோ பேர் திரையில் 300 வந்தால் 300 ஆட்டுக்கும் மருந்து ஏறிவிட்டது என்று பட்டியைத் திறந்துவிட்டு விடுகிறார்கள். அந்த எண் நீங்கள் ட்ரிகரைத் தொட்ட கணக்கு, அவ்வளவுதான். பீப்பாயில், அதாவது டோஸ் நிரம்பும் குழாயில், மருந்து இருந்ததா காற்று இருந்ததா என்று அதற்குத் தெரியாது.

1.6 என்கிற சராசரியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எல்லா ஆட்டுக்கும் சமமாக 1.6 போயிருந்தால் அது ஒரு விதம். ஆனால் என் அனுபவத்தில் அப்படி நடப்பதே இல்லை, புதுப் பாட்டில் மாட்டியவுடன் வரும் ஆடுகளுக்கு முழுசாகப் போகும், பாட்டில் பாதிக்குக் கீழே போனதும் குறைய ஆரம்பிக்கும், நடுவில் சில ஆடுகளுக்கு வெறும் காற்றே போயிருக்கும். எந்த ஆடு எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று இனி கண்டுபிடிக்க வழி கிடையாது.

ஒரு சோதனை செய்யுங்கள். 20 மில்லி சாதாரண சிரிஞ்சு ஒன்றை எடுத்து உள்ளே இருக்கும் தண்டை உருவிவிடுங்கள், நுனியை மூடி போட்டு அடையுங்கள், இப்போது அது ஒரு அளவுக் குழாய். துப்பாக்கியில் கொதித்து ஆறிய தண்ணீரை மாட்டி, அளவை 2 மில்லியில் வைத்து, 10 தடவை அதற்குள் அடியுங்கள். சரியாக 20 கோட்டுக்கு வர வேண்டும். வந்துவிட்டால் உடனே மெஷின் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பாட்டில் நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, பாதியில் ஒரு தடவை, அடியில் கொஞ்சம் இருக்கும்போது ஒரு தடவை அடித்துப் பாருங்கள். அப்புறம் ஆட்டுக்குப் போட்ட அதே வேகத்தில், நிறுத்தாமல் அடித்துப் பாருங்கள். நிதானமாக அடித்தால் 20 வரும் மெஷின், வேகமாக அடித்தால் 16 காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி: பாட்டில் கண்ணாடியா பிளாஸ்டிக்கா? போடும்போது டியூபில் குமிழி ஓடியதா?

பட்டிக்காரன்:

அண்ணா, பிளாஸ்டிக் பாட்டில். நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது, ஒவ்வொரு பாட்டிலும் பாதிக்கு மேல் போனதும் இடுப்பு ஒடுங்கி உள்ளே சப்பிப்போனது. மருந்து குறைந்தால் அப்படித்தான் ஆகும் என்று விட்டுவிட்டேன். குமிழி இருந்தது, அரிசி அளவில் வரிசையாக ஓடும், நான் துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்து இரண்டு தடவை அடித்தால் போய்விடும். ஆடுகள் ஒற்றை வரிசையாக வரும்படி அடைப்புக் கட்டியிருந்தேன், தம்பி ஒருவன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தான், அதனால் வேகமாகத்தான் போட்டேன்.

வால்வுக்காரர்:

நான் மருத்துவர் இல்லை, இந்த மாதிரி கருவிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பவன். நீங்கள் சொன்னதை வைத்தே பாதி தெரிந்துவிட்டது, மீதிக்கு டியூபைக் கவனித்தால் போதும்.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. ஒரு பீப்பாய், ஒரு பிஸ்டன், இரண்டு ஒருவழி வால்வு. பிஸ்டன் பின்னால் போகும்போது பாட்டில் பக்க வால்வு திறந்து மருந்து உள்ளே வரும், ஊசிப் பக்க வால்வு மூடியிருக்கும். முன்னால் தள்ளும்போது நேர்மாறு. கையால் அழுத்தும் சிரிஞ்சிலும் இதேதான், அங்கே ஸ்பிரிங் செய்யும் வேலையை இங்கே மோட்டார் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. கையால் அழுத்தும்போது மருந்து வரவில்லை என்றால் கைக்குத் தெரியும், எதிர்ப்பே இல்லாமல் லேசாக உள்ளே போகும், அல்லது பிடி திரும்பி வர சுணங்கும். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. காற்றாக இருந்தாலும் அதே வேகத்தில் தள்ளிவிட்டு எண்ணிக்கையில் ஒன்று கூட்டிவிடும்.

பாட்டில் சப்பிப்போனது பற்றிச் சொல்கிறேன். மருந்து வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். பாட்டில் மூடியில் குத்துகிற முள்ளிலேயே காற்றுக்கு ஒரு தனித் துவாரம் இருக்கும், அதில் சின்னதாக ஒரு பஞ்சு வடிகட்டி. பாட்டிலைக் கவிழ்த்து மாட்டும்போது அந்தப் பஞ்சு மருந்தில் நனைந்து, காய்ந்து, அடைத்துக்கொள்ளும். துள்ளுமாரி மருந்துகளில் பலவற்றில் அலுமினியம் கலவை இருப்பதால் வெள்ளையாகப் படியும், அது இன்னும் சீக்கிரம் அடைக்கும். காற்று போகாவிட்டால் பாட்டிலுக்குள் வெற்றிடம் உண்டாகி பிஸ்டன் இழுக்கும் மருந்தைப் பாட்டிலும் எதிர்ப்பக்கம் இழுக்கும். பீப்பாய் நிரம்புவதற்குள் நீங்கள் அடுத்த ட்ரிகரைத் தொட்டுவிட்டீர்கள். கூடவே, இழுவை அதிகமாக இருக்கும்போது டியூப் மாட்டிய இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது வழியாகக் காற்றை உறிஞ்சும், அதுதான் அரிசிக் குமிழி. உங்கள் இரண்டு அறிகுறியும் ஒரே காரணத்தில் போய் முடிகிறது.

வால்வும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பிரிக்காமலே பார்க்கலாம். டியூபில் ஒரு குமிழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு ட்ரிகரைத் தொடுங்கள். அடிக்கும் நேரத்தில் அந்தக் குமிழி பாட்டில் பக்கம் பின்வாங்கினால் பாட்டில் பக்க வால்வு ஒழுகுகிறது, டோஸில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது என்று அர்த்தம். அடுத்து ஊசி நுனியைப் பாருங்கள், அடித்து முடித்ததும் நுனியில் தொங்கும் சொட்டு உள்ளே இழுக்கப்பட்டால் ஊசிப் பக்க வால்வு போய்விட்டது. இது ஆபத்தான கோளாறு, ஊசி ஆட்டுக்குள் இருக்கும்போதே பிஸ்டன் பின்வாங்கினால் அதன் ரத்தத்தைக் கருவிக்குள் இழுத்து அடுத்த ஆட்டுக்குப் போட்டுவிடும். அடித்த பிறகும் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருந்தால் பீப்பாயில் காற்று மாட்டியிருக்கிறது, அமுங்கிய காற்று விரியும்போது மீதியைத் தள்ளுகிறது.

பேட்டரி பற்றி விற்றவர் சொன்னது முழுப் பொய் இல்லை. பிஸ்டன் கடைசி வரை போனதை ஒரு சுவிட்ச் பார்த்துச் சொல்கிற மாடல் என்றால் சார்ஜ் குறைந்தால் மெதுவாகும், ஆனால் டோஸ் குறையாது. மோட்டார் இவ்வளவு நேரம் ஓடினால் போதும் என்று நேரத்தை வைத்து நிறுத்துகிற மாடல் என்றால் சார்ஜ் குறைந்ததும் டோஸும் குறையும். முழு சார்ஜில் ஒரு தடவை, சார்ஜ் தீரப்போகும் கடைசிக் கட்டையில் ஒரு தடவை மூப்பன் சொன்ன 10 அடிச் சோதனையைச் செய்தால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு வாசலின் தடவாதீர்கள், பெட்ரோலியக் கொழுப்பில் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் மட்டும் போதும், நகம் நுனியளவு.

கூண்டுக்கோழி:

நான் கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி போடும் குழுவில் இருக்கிறேன். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் போடுவோம், அதனால் கை வலி பற்றி அண்ணன் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது, பேட்டரி கன் வந்த பிறகுதான் எங்களில் நாலைந்து பேர் இந்த வேலையில் தொடர முடிந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கு உதவுமா பாருங்கள். ஒரு நாள் வயதுக் குஞ்சுக்கு மாரெக்ஸ் (கோழிக்கு வரும் ஒரு வைரஸ் நோய்) தடுப்பூசி பிடரித் தோலுக்கு அடியில் 0.2 மில்லிதான் போடுவோம். அத்தனை சின்ன அளவு போனதா இல்லையா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மருந்து கலக்கும் திரவத்தில் அதற்கென்று இருக்கிற நீலச் சாயத்தைச் சேர்ப்போம். பெட்டியிலிருந்து 100 குஞ்சை எடுத்து, பிடரி மயிரைக் கட்டைவிரலால் ஊதினாற்போல் விலக்கிப் பார்த்தால், தோலுக்கு அடியில் மொச்சைப் பயறு மாதிரி நீலம் தெரிய வேண்டும். மயிர் மட்டும் நீலமாக நனைந்து தோலுக்கு அடியில் ஒன்றும் இல்லை என்றால் ஊசி ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது. மெஷின் எண்ணிக்கையில் அந்தக் குஞ்சும் ஒன்றுதான்! ஆட்டுக்குச் சாயம் கலக்க வேண்டாம், ஆனால் ஊசி எடுத்ததும் அந்த இடத்து மயிரைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போயிருக்கிறது. தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிக்கும்போது எதிர்ப்பக்கமாகக் குத்தி வெளியே வருவது ஆட்டிலும் நிறைய நடக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு முட்டைக்கோழிக்கு எண்ணெய் மருந்து போடும்போது கோழி உதறியதில் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது. பேட்டரி கன் என்பதால் கையை இழுப்பதற்குள் முழு டோஸும் போய்விட்டது, கையால் அழுத்தும் சிரிஞ்சாக இருந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பார். பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். வேலையை முடித்துவிட்டுப் போனார், போன இடத்தில் ஊசி குத்தியது என்று மட்டும் சொல்ல, டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரவுக்குள் விரல் வீங்கி, வெளிறி, தொட விடாத வலி. அந்த எண்ணெய் விரலின் இறுக்கமான இடத்துக்குள் பரவி ரத்த ஓட்டத்தையே அடைத்துவிடுமாம். மறுநாள் வேறு இடத்தில் விரலைத் திறந்து கழுவினார்கள். விரல் தப்பியது, ஆனால் நுனிக் கணு இன்றுவரை மடங்காது. எண்ணெய் மருந்து விரலில் ஏறினால் அரை மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், மருந்து பாட்டிலையும் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், எண்ணெய் கலந்த மாட்டு மருந்து, கோழி மருந்து என்று வாயால் தெளிவாகச் சொல்லுங்கள்.

தோலைப் பிடிக்கும் கை எப்போதும் ஊசி போகும் திசைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், எதிரில் வேண்டாம். அடுத்த ஆட்டுக்கு நகரும்போது விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கால்நடை_மருத்துவன்:

பட்டிக்காரன் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஆம், எல்லாவற்றுக்கும் மறுபடி போடுவதுதான் நல்லது, எது எவ்வளவு வாங்கியது என்று தெரியாதபோது தேர்ந்தெடுத்துப் போட வழியில்லை. துள்ளுமாரி தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது, செயலிழக்கச் செய்த நச்சுதான், அதனால் இன்னொரு டோஸ் போவதில் பெரிய ஆபத்து இல்லை. விட்டுப்போன 0.4 மில்லியை மட்டும் போடலாமா என்று யோசிக்காதீர்கள், முழு 2 மில்லி. முதல் தடவையாகப் போட்ட குட்டிகளுக்கு எப்படியும் சில வாரம் கழித்து இரண்டாவது டோஸ் வேண்டும், அது இல்லாமல் முதல் டோஸ் நிற்காது. சினை ஆடுகளை முந்திப் பாருங்கள், தாயின் எதிர்ப்பு சக்தி சீம்பால் வழியாகத்தான் குட்டிக்குப் போகிறது. ஆனால் நிறைசினை ஆட்டைப் புரட்டி இழுக்காமல் நின்ற நிலையில் போட வேண்டும். இடைவெளி எத்தனை நாள் என்பதை உங்கள் ஆட்டைப் பார்க்கும் மருத்துவரிடம் லேபிளைக் காட்டி முடிவு செய்யுங்கள். திறந்த அந்த 80 மில்லி பாட்டிலை அதற்கு வைத்திருக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். மூடிய பாட்டில் குளிர்பெட்டியில் உறையாமல் இருந்திருந்தால் பயன்படும். அலுமினியம் கலந்த மருந்து ஒரு தடவை உறைந்து உருகினாலே வீண்.

அளவு குறைந்ததற்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மருந்து கெட்டியாக இருக்கும், கெட்டி மருந்து மெல்லிய டியூபில் மெதுவாகத்தான் வரும். எண்ணெய் மருந்தில் இது இன்னும் அதிகம். கருவியில் இழுக்கும் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்து வையுங்கள். பாட்டிலை அவ்வப்போது மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள், நுரை வருகிற மாதிரி குலுக்க வேண்டாம்.

ஊசி மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். எத்தனை ஆட்டுக்கு ஒரு ஊசி என்று ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் பத்துக்கு ஒன்று மாற்றச் சொல்வேன், வளைந்தாலோ கீழே விழுந்தாலோ அந்த நொடியே. ஒரே கருவியைப் பல உடம்பில் வைப்பது சின்ன விஷயம் இல்லை. 1984-85இல் கலிஃபோர்னியாவில் ஒரு எடைக் குறைப்பு கிளினிக்கில், ஊசியே இல்லாத ஜெட் இன்ஜெக்டரை ஆளுக்கு ஆள் பயன்படுத்தியதில் பலருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியது. கருவியின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்ததே போதுமானதாக இருந்தது. ஆட்டிலும் அப்படித்தான், சீழ்க்கட்டி உள்ள ஆட்டைக் கடைசியில் விடுங்கள், கட்டி மேல் குத்தாதீர்கள். ஆட்டுக்குள் போய்வந்த ஊசியைப் பாட்டில் மூடியில் குத்தவே கூடாது.

சுத்தம் செய்யும்போது பலரும் செய்கிற தப்பு, உட்பக்கத்தை டெட்டால், ஸ்பிரிட் ஊற்றிக் கழுவுவது. அடுத்த தடவை ஆட்டுக்கொல்லி நோய் (பிபிஆர்) தடுப்பூசி மாதிரி உயிருள்ள மருந்தை ஏற்றினால், மிஞ்சிய கிருமிநாசினி அதைக் கொன்றுவிடும், நீங்கள் போடுவது வெறும் தண்ணீராகிவிடும். பீப்பாயையும் வால்வையும் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் கழுவி, கொதிநீரில் 20 நிமிடம் போட்டு, பிரித்தபடியே காயவிடுங்கள். பேட்டரிக் கைப்பிடியைத் துடைக்க மட்டும் வேண்டும், தண்ணீரில் முக்கக் கூடாது.

கடைசியாக, இந்தக் கருவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டில்மைகோசின் என்ற ஆன்டிபயாடிக்கை எந்தக் காரணத்துக்காகவும் விசையால் இயங்கும் சிரிஞ்சில் ஏற்றாதீர்கள், அதன் லேபிளிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அது மனித இதயத்தைத் தாக்கும், மாற்று மருந்து கிடையாது, தவறுதலாகக் குத்திக்கொண்டு மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். வெள்ளாட்டையும் கொல்லக்கூடியது. கருவி வசதியாக இருக்கிறது என்று எல்லா மருந்தையும் அதில் போடத் தோன்றும், அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பட்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இன்று மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். 20 மில்லி சிரிஞ்சில் 10 அடி: நிறைந்த பாட்டிலில் நிதானமாக அடித்தபோது 20, வேகமாக 19. பாட்டில் பாதிக்கு வந்தபோது நிதானமாக 18, வேகமாக 15. அடியில் வந்தபோது வேகமாக அடித்தால் 11தான், அதில் மூன்று அடி வெறும் புஸ் என்று காற்றாகவே வந்தது. அன்று இப்படி வெறும் காற்று வாங்கிய ஆடு எதெது என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

முள்ளைக் கழற்றிப் பார்த்தேன், காற்றுத் துவாரத்துப் பஞ்சு சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. வாயால் ஊதினால் துளிக்கூடப் போகவில்லை. கருவியோடு மாற்றுப் பஞ்சு இரண்டு கொடுத்திருக்கிறார்கள், அது எதற்கு என்றே தெரியாமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். மாற்றிவிட்டு அதே வேகத்தில் அடித்தேன், மூன்று நிலையிலும் 20, 20, 19.5. பாட்டில் சப்பவில்லை. குமிழி பின்வாங்கவில்லை, நுனிச் சொட்டும் உள்ளே போகவில்லை, அதனால் வால்வு இரண்டும் நன்றாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். டியூப் மாட்டும் முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் செருகினேன், முனை தளர்ந்துதான் இருந்தது. கடைசிக் கட்டை சார்ஜில் அடித்தபோதும் 20 வந்தது, மெதுவாக ஆனதோடு சரி.

எங்கள் மருத்துவரிடமும் பேசிவிட்டேன், சினை ஆடுகளுக்கு முதலில், இந்த வாரமே. ஒவ்வொரு பாட்டில் மாற்றும்போதும் சிரிஞ்சில் 5 அடி அடித்து 10 மில்லி வருகிறதா பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆட்டைப் பிடிப்பேன். போட்ட ஆட்டின் முதுகில் சாக்குக்கட்டியால் கோடு, ஈரம் தெரிந்தால் கோடு கிடையாது, திரும்ப வரிசைக்கு. தம்பியிடம் தள்ளுகிற வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டேன்.

கூண்டுக்கோழி:

நல்லது அண்ணா. மாற்றுப் பஞ்சு ஒன்றுதான் மிச்சம் இருக்கும், 300 ஆட்டுக்கு அது போதாது, இன்னும் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிடும்போது காற்றுத் துவாரம் வெளிப்பக்கம் பார்க்கட்டும், சட்டையோடு ஒட்டினால் புதுப் பஞ்சும் அடைத்த மாதிரிதான்.